சந்நிதித் தெருவின் பேசும் பெட்டிகள்

எங்கள் ஊருக்குச் சென்னையைவிடக் கொழும்பு பக்கம். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து நேர்கோடு போட்டு அளந்தால் கொழும்பு 300 கிலோமீட்டருக்கு உள்ளேயே வந்துவிடும். சென்னை ஏறக்குறைய அதைப்போல் இரு மடங்கு. கொழும்புக்கும் எங்களுக்கும் இடையில் இருப்பது மன்னார் வளைகுடா. காய்ந்த நிலத்தைவிட உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் மத்திய அலை ஒலிபரப்பு கடல்மேல் வரும்போது அவ்வளவாக வலு இழப்பதில்லை. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்த எங்கள் தலைமுறையின் காதைப் பழக்கியது இந்த உப்புத் தண்ணீர்தான்.

நான் ரேடியோ மெக்கானிக். அப்பாவும் ரேடியோ மெக்கானிக். கள்ளப்பிரான் சந்நிதித் தெருவில் அவர் போட்ட கடையில்தான் நான் ஈயம் வைக்கக் கற்றேன். இப்போது கடைக்கு ரேடியோ வருவது அபூர்வம். வருகிறவர்கள் யோசனை கேட்கத்தான் வருகிறார்கள். "அண்ணாச்சி, சொன்னதக் கேக்குற ஸ்பீக்கர் ஒண்ணு பெரியவன் துபாய்லேர்ந்து வாங்கித் தாரேங்கான். அலெக்சாவா, கூகுளா, எது உருப்படி?" என்பார்கள். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வீட்டுக்குள் பேசும் பெட்டி வருவது இந்தத் தெருவுக்குப் புதிதில்லை. முன்பு வந்த பெட்டிகளில் யாருடைய குரல் வந்தது, அதற்கு நாம் என்ன கொடுத்தோம் என்பதை வைத்துப் பார்த்தால்தான் இந்தப் புதுப் பெட்டியின் அருமையும் குறையும் பிடிபடும்.

தமிழ் நிலத்தில் வானொலி சென்னையில் தொடங்கியது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று நடத்திய சென்னை மாகாண ரேடியோ கிளப் 1924இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. பிறகு கருவிகள் மாநகராட்சியின் கைக்குப் போய், 1930 ஏப்ரல் முதல் அது நடத்தியது. அதெல்லாம் எங்கள் பக்கம் எட்டாத சங்கதி. கொழும்பில் 1925 டிசம்பர் 16 அன்று முறையான ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இல், திருச்சி நிலையம் 1939இல். திருநெல்வேலிச் சீமைக்கென்று ஒரு நிலையம் வர 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் எங்கள் வீடுகளில் வந்து உட்கார்ந்தது இலங்கைக் குரல்.

அப்பா தொழில் கற்றதும் அங்கேதான். கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, பின்கட்டில் ரேடியோ பழுது பார்த்த ஒரு சிங்களப் பெரியவரிடம் வேலை பழகினார். ஐம்பதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் மாறி ஊர் வந்தபோது அவர் பெட்டியில் ஒரு மல்ட்டிமீட்டரும் ஒரு சால்டரிங் அயனும் இருந்தன என்று ஆச்சி சொல்வாள். எங்கள் கரையிலிருந்து கொழும்புக்குப் போய் வருவது அன்றைக்குப் பெரிய விஷயமில்லை. தூத்துக்குடித் தோணிகள் போய்க்கொண்டே இருந்தன. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் அந்த வழியை நம்பித்தான்.

வால்வு ரேடியோவைத் தொட்டுப் பார்த்தவர்கள் இப்போது குறைந்து வருகிறார்கள். மர்பி, புஷ், பிலிப்ஸ், ஜி.இ.சி. என்று மரப்பெட்டிகள். முன்பக்கம் துணி, அதன் பின்னே நல்ல அகலமான ஒலிபெருக்கி. கண்ணாடி டயலில் ஊர்ப் பெயர்கள் அச்சாகியிருக்கும். முள் அந்தப் பெயர்களைக் கடந்து போகும். ஸ்விட்சைப் போட்டவுடன் பேசாது. வால்வு சூடேறி அரை நிமிடம் போலக் கழித்துத்தான் ஒரு முனகல் எழும். நிலையம் சரியாக விழுந்ததா என்பதை மேஜிக் கண் காட்டும். இ.எம்.80 என்ற வால்வு அது. பச்சை வெளிச்சம் விரிந்து சுருங்கும். அப்பா செட்டின் பின்பலகையைக் கழற்றி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "இது ஈ.சி.எச்.81, அலையைப் பிடிச்சு மாத்துறவன், இது ஈ.எல்.84, சத்தம் கொடுக்கிறவன்" என்று ஒவ்வொன்றையும் ஆள் மாதிரி அறிமுகம் செய்வார். வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால் உள்ளே கரித்தடம் தேய்ந்திருக்கிறது. முள் நகரவில்லையென்றால் டயல் கயிறு அறுந்திருக்கிறது. நோயும் மருந்தும் கண்ணுக்குத் தெரிந்தன.

அந்தப் பெட்டியை வைத்துக்கொள்ளச் சர்க்காருக்குப் பணம் கட்ட வேண்டும். தபாலாபீசில் லைசென்ஸ் புத்தகம் கொடுப்பார்கள். ஆண்டுக்கு 15 ரூபாய் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாத செட்டைக் கடைக்குக் கொண்டுவருகிறவர்கள் துணி சுற்றித்தான் கொண்டுவருவார்கள். எண்பதுகளின் நடுவில்தான் இந்தக் கட்டணம் ஒழிந்தது. வீட்டுக்குள் வரும் குரலுக்கு நாம் என்ன விலை கொடுத்தோம் என்பது அன்றைக்கு ஒரு புத்தகத்தில் முத்திரையோடு எழுதியிருந்தது என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன்.

எங்கள் ஊரில் கோட்டைப் பிள்ளைமார் வாழ்ந்த கோட்டை உண்டு. மண்சுவர் சூழ்ந்த தெருக்கள். அந்தக் குடும்பத்துப் பெண்கள் சுவரைத் தாண்டி வெளியே வருவதில்லை, வெளி ஆண்கள் உள்ளே போவதில்லை என்ற கட்டு நெடுங்காலம் இருந்தது. கமலா கணேஷ் 1993இல் வெளியிட்ட ஆய்வு நூல் அந்த வாழ்க்கையை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. பழுதான செட் ஒன்று அங்கிருந்து வேலையாள் தலையில் ஏறி எங்கள் கடைக்கு வந்தது எனக்கு நினைவிருக்கிறது. அப்பா உள்ளே போகவில்லை. ஏரியல் கம்பியை எந்தத் திசையில் கட்ட வேண்டும் என்று மணலில் கோடு போட்டுக் காட்டி அனுப்பினார். சுவரைத் தாண்டிக் குரல் மட்டும் உள்ளே போனது. ஒரு பெட்டி ஒரு வீட்டுக்குள் போவதன் முழு அர்த்தம் என்ன என்று நான் யோசிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

1952இல் மத்திய ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் சாஸ்திரிய சங்கீதத்தை வளர்ப்பதில் பிடிவாதமாக இருந்தார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப்போனது. கேட்கிறவர்கள் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். வடக்கே அமீன் சயானியின் பினாகா கீத்மாலா இலங்கையிலிருந்துதான் வந்தது. தெற்கே இலங்கைத் தமிழ் வர்த்தக சேவை. 1957இல் விவித் பாரதியைத் தொடங்கி தில்லி சமாளிக்கப் பார்த்தது. எங்கள் தெருவில் அதற்குள் முள் கொழும்பில் ஊன்றிவிட்டது.

எஸ்.பி. மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது. இந்தப் பெயர்களைச் சொன்னால் என் வயதுக்காரர்கள் முகம் மாறுவதை இன்றும் பார்க்கலாம். அவர்களுடைய தமிழ் எங்கள் பேச்சுத் தமிழும் இல்லை, சென்னை மேடைத் தமிழும் இல்லை. எழுத்துக்கு எழுத்து தெளிவான உச்சரிப்பு, ஆனால் உறைந்துபோகாத பேச்சு. காலையில் பொங்கும் பூம்புனல், இரவில் இரவின் மடியில். பாட்டுக்குப் பாட்டு போகிற நேரத்தில் கடை முன்னால் சைக்கிள்கள் சாய்ந்து நிற்கும். கே.எஸ். ராஜா பேசுகிற வேகத்தில் மூச்சு எங்கே விடுகிறார் என்று பையன்கள் பந்தயம் கட்டுவார்கள்.

நேயர்கள் பாட்டுக் கேட்டு எழுதும் கடிதங்களைப் பற்றி நின்று சொல்ல வேண்டும். எந்தப் பாட்டு வேண்டும், யார் யாரெல்லாம் விரும்பிக் கேட்கிறார்கள் என்று எழுதிப் போட வேண்டும். கடையில் அதை எழுதிக் கொடுப்பது என் வேலை. எழுதத் தெரியாதவர்களும் கையெழுத்து நன்றாக இல்லாதவர்களும் என்னிடம் வருவார்கள். வாரக்கணக்கில் ஒன்றும் நடக்காது. பிறகு ஒருநாள் ஏரல், ஆழ்வார்திருநகரி, உடன்குடி, காயல்பட்டினம் என்று எங்கள் சுற்றுவட்டாரப் பெயர்கள் கொழும்பு அறிவிப்பாளர் வாயில் வரிசையாக வரும். அதில் என் அக்காவின் பெயரும் ஒருமுறை வந்தது. அவள் அப்போது ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தாள். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள், கரையில் யாரோ வைத்திருந்த டிரான்சிஸ்டரில் கேட்டு அவளிடம் சொன்னார்கள். இலங்கையில் தேயிலைத் தோட்டத்திலும் யாழ்ப்பாணத்திலும் அதே நொடியில் அவள் பெயரைக் கேட்டிருப்பார்கள். அதுதான் அக்காவுக்குப் பெருமை; பாட்டு அதற்குப் பிறகுதான்.

இந்த ஏற்பாட்டில் வெளியே நின்றவர்களும் உண்டு. என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவளுக்குப் பிடித்த பாட்டுகள் ஏராளம். வீட்டில் ரேடியோ மெக்கானிக் ஒருவருக்கு இரண்டு பேர் இருந்தும் தன் பெயரில் ஒரு கடிதம் எழுதச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. கேட்க எங்களுக்கும் தோன்றவில்லை. பெட்டி அவளுக்காகப் பாடிய பாட்டெல்லாம் வேறு யாரோ கேட்ட பாட்டு. இதைப் பின்னால் சொல்லப் போவதற்காக வைத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளில் டிரான்சிஸ்டர் வந்ததும் பெட்டி இடுப்பில் ஏறியது. வயலுக்கும் தோணிக்கும் போனது. டிரான்சிஸ்டருக்குள் கறுப்பாக ஒரு ஃபெரைட் கம்பி படுத்திருக்கும், அதுவே ஏரியல். கம்பி நிலையத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் சத்தம் செத்துவிடும், குறுக்கே கிடந்தால் நன்றாக எடுக்கும். எங்கள் ஊருக்குக் கொழும்பு தென்கிழக்கு. அதனால் எந்தத் திண்ணையில் பார்த்தாலும் டிரான்சிஸ்டரின் முகம் தென்கிழக்கைப் பார்த்தபடி இருக்கும். திருச்சிச் செய்தி கேட்க வேண்டுமென்றால் திருப்பி வைப்பார்கள். நோக்கிய திசையை வைத்தே யார் என்ன கேட்கிறார்கள் என்று சொல்லிவிட அப்பாவால் முடிந்தது.

திருநெல்வேலி நிலையம் 1963 டிசம்பரில் தொடங்கியபோது எங்கள் வட்டாரத்துக் காற்று, எங்கள் வட்டாரத்து நெல், எங்கள் வட்டாரத்து நாட்டுப்பாட்டு எல்லாம் பெட்டிக்குள் வந்தது. வேளாண்மை நிகழ்ச்சிகளுக்கு இருந்த மதிப்பை இப்போது சொன்னால் நம்பமாட்டார்கள். தஞ்சையில் ஏ.டி.டி.27 என்ற நெல் ரகம் வானொலி சொல்லிப் பரவியதால் ரேடியோ நெல் என்றே பெயர் வாங்கியது. இன்று ஒரு தகவல் என்று பின்னால் தமிழ்நாடு முழுக்கப் பேர் வாங்கிய தென்கச்சி கோ. சுவாமிநாதன் நெல்லை நிலையத்தில் விவசாயிகளுக்குப் பேசிக்கொண்டிருந்தவர்தான். பஞ்சாயத்து ரேடியோ ஒன்று சாயங்காலம் ஒலிக்கும். செட் வாங்க முடியாதவர்களுக்கு அதுதான் செட். 1969 பிப்ரவரியில் அண்ணா மறைந்த செய்தி வந்தபோது அந்த ஒலிபெருக்கியின் கீழே நின்ற கூட்டத்தில் நானும் சின்னப் பையனாக நின்றேன்.

அதற்குப் பிறகு வந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். டேப்ரிக்கார்டர் வந்து வேண்டிய பாட்டை வேண்டிய நேரத்தில் கொடுத்தது. டிவி வந்து எல்லோரையும் ஒரே பக்கம் பார்க்க உட்காரவைத்தது. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு கொழும்பு என்றாலே நெஞ்சு பதறும் காலம்; பாட்டுக்காகத் திருப்பிய முள்ளைச் செய்திக்காகத் திருப்பினோம். பி.பி.சி. தமிழோசையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாசும் அப்போது எங்கள் தெருவின் இராச் சாப்பாட்டு நேரத்தைத் தீர்மானித்தன. தூத்துக்குடியில் அகில இந்திய வானொலி 200 கிலோவாட் மத்திய அலை டிரான்ஸ்மிட்டரை வைத்து இலங்கைப் பக்கம் ஒலிபரப்பியது. குரல் இப்போது எதிர்த்திசையில் அதே உப்புத் தண்ணீரைக் கடந்தது.

1941 மே மாதம் தொடங்கிய தமிழோசையின் வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30 அன்று நின்றது. அன்று இரவு கடையில் கடைசி ஒலிபரப்பைக் கேட்டோம். அதே ஆண்டு அக்டோபரில், அலெக்சா குடியிருக்கும் அமேசான் எக்கோ இந்தியாவுக்கு வந்தது. ஒரே ஆண்டில், தூரத்திலிருந்து பேசிய பெட்டி வாய் மூடியது. பக்கத்தில் இருந்து காது கொடுக்கும் பெட்டி வந்தது. இதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. சிற்றலையை மூடவைத்ததும் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்ததும் ஒரே இணைய இணைப்புத்தான்.

இயந்திரத்துக்குக் காது வைக்கும் முயற்சி பழையது. 1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆட்ரி என்ற கருவி பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண்களைப் புரிந்துகொண்டது. கேஸ்கர் அமைச்சரான அதே ஆண்டு. 1962 சியாட்டில் கண்காட்சியில் ஐ.பி.எம். காட்டிய ஷூபாக்ஸ் 16 சொற்களைப் புரிந்துகொண்டது. ஆப்பிளின் சிரி 2011இல் போனுக்குள் வந்தது. எக்கோ அமெரிக்காவில் 2014 நவம்பரில், கூகுள் ஹோம் 2016இல், அது இந்தியாவுக்கு 2018 ஏப்ரலில், ஆப்பிள் ஹோம்பாட் மினி 2020இல்.

மெக்கானிக் கண்ணால் பார்த்தால் இவற்றுக்குள் வேறுபாடு வெளியே தெரிகிற அளவு இல்லை. எக்கோ டாட்டின் மூன்றாம், நான்காம் வடிவங்களிலும் கூகுள் நெஸ்ட் மினியிலும் ஒலிபெருக்கியின் விட்டம் 40 மில்லிமீட்டர் போலத்தான். அப்பா காலத்து மர்பியின் ஒலிபெருக்கிக்குள் இதில் சிலவற்றை அடுக்கலாம். ஆனாலும் மின்னணுவியலால் அந்தச் சிறு கூம்பிலிருந்து வரும் சத்தம் வியப்பானது. உண்மையான புதுமை ஒலிபெருக்கியில் இல்லை, மைக்கில் இருக்கிறது. நெஸ்ட் மினியில் மூன்று மைக். ஒரே குரல் ஒவ்வொரு மைக்குக்கும் இம்மி நேரம் முன்பின்னாக வந்து சேரும். அந்த வித்தியாசத்தை வைத்துப் பேசுகிறவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று கணக்குப் போட்டு அந்தப் பக்கத்துக் குரலை மட்டும் கூர்மையாக்கும். ஃபெரைட் கம்பி கொழும்பைத் தேடிய வேலையை இப்போது கணக்கு செய்கிறது. யாரும் பெட்டியைத் திருப்ப வேண்டியதில்லை.

கூப்பிடு பெயரைக் கேட்கும் வரை பெட்டி தனக்குள்ளேயே காத்திருக்கிறது. கேட்ட பிறகு நம் குரல் பதிவாகி நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. பதில் அங்கிருந்து வருகிறது. பொது அறிவுக் கேள்விக்குக் கூகுள் பெட்டி நன்றாகப் பதில் சொல்கிறது. விளக்கு, விசிறி, பொருள் வாங்குவது, பிறர் செய்து தந்த கூடுதல் வசதிகள் என்றால் அலெக்சாவின் கை ஓங்கியிருக்கிறது. ஆப்பிள் பெட்டி ஆப்பிள் போன் வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் சரிவரும். யோசனை கேட்டு வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் நான் கேட்பது: "வீட்ல யாரு அதுகூடப் பேசப் போறா?"

ஏனென்றால் அலெக்சா 2019 செப்டம்பரில் இந்தி கற்றது. கூகுளின் உதவியாளர் 2019 தொடக்கத்தில் போனில் தமிழ் பேசத் தொடங்கிவிட்டது. 2024 ஜூனில் ஜெமினி செயலி தமிழோடு வந்தது. வீட்டில் வைக்கும் ஸ்பீக்கர்களில் மட்டும் நான் அமைத்துக் கொடுத்த வீடுகளில் எல்லாம் ஆங்கிலமும் இந்தியும்தான் தேர்வுக்கு வந்தன. தமிழ்ப் பாட்டைப் போடும், தமிழ்ப் பாட்டின் பெயரை ஒரு மாதிரி புரிந்துகொள்ளும்; தமிழில் பேசினால் பேசியவரோடு பேசாது.

என் அம்மாவுக்கு இப்போது கண் அறவே தெரியாது. மகள் ஒரு பெட்டி வாங்கி அனுப்பினாள். எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே முக்கியமில்லை. அம்மாவின் வாழ்க்கையில் அவளாகவே பாட்டுக் கேட்கக்கூடிய முதல் பெட்டி அது. எழுத்து வேண்டாம், தபால்தலை வேண்டாம், மகனின் கையெழுத்து வேண்டாம், வாய் போதும். அப்படி ஒரு பெட்டிக்காகத்தான் அவள் இத்தனை காலம் காத்திருந்தாள் என்று எனக்குத் தோன்றியது. முதல்நாள் அவள் அதனிடம், "எய்யா, அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் பைய வையி" என்றாள். பெட்டி ஆங்கிலத்தில் ஏதோ மன்னிப்புக் கேட்டது. பேத்தி நாலைந்து ஆங்கிலச் சொற்களைச் சொல்லிக் கொடுத்தாள். அம்மா அதைப் பழகிக்கொண்டாள். மணி கேட்கிறாள், பாட்டுக் கேட்கிறாள், நாள் கிழமை கேட்கிறாள். ராத்திரி தூக்கம் வராதபோது யாரையும் எழுப்பாமல் மணி தெரிந்துகொள்ள முடிவது கண் தெரியாத ஒருவருக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அவள் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்து பார்த்தேன். ஆனால் தன் வயதில் தன் வீட்டில் தன் கட்டிலில் கிடந்து அவள் வேற்று மொழியில் கேட்க வேண்டியிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. இலங்கை அறிவிப்பாளர்கள் எங்கள் ஊர்ப் பெயர்களைச் சரியாக உச்சரித்தார்கள். கடல் கடந்து இருந்தவர்களால் முடிந்தது.

குமரகுருபரர் பிறந்த ஊர் இது. ஐந்து வயது வரை பேசாதிருந்த பிள்ளை, பெற்றோர் திருச்செந்தூருக்குக் கொண்டுபோய் வேண்டிய பிறகு வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது இங்கே ஒவ்வொரு வீட்டிலும் சொல்லும் வரலாறு. பேச்சு தாமதமாக வரும் பிள்ளையை ஊமை என்று சொல்லக் கூடாது என்று ஆச்சிகள் அதட்டுவார்கள். அந்த ஊர்க்காரன் என்பதால் இந்தப் பெட்டிகள் தமிழ் கற்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எந்தத் தமிழ் என்பதில் அக்கறை உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கி நின்றது. தண்டவாளத்தின் அடியில் மண் அரித்துப் போய்விட்டது. பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்களிடம் இருந்த அரிசியைப் பொங்கி அவர்களுக்குச் சோறு போட்டார்கள். பிறகு ஹெலிகாப்டர் உணவுப் பொட்டலம் போட்டது. தெருவில் மின்சாரம் இல்லை, போன் இல்லை, இணையம் இல்லை. அம்மாவின் பெட்டி வெறும் உருண்டை. நான் கடையின் மேல்தட்டிலிருந்து பழைய டிரான்சிஸ்டரை எடுத்து நாலு செல் போட்டேன். இரவில் மத்திய அலையில் தூரத்து நிலையங்கள் எழும்பி வரும். செய்தி கேட்க அக்கம்பக்கத்தார் மாடிக்கு ஏறி வந்தார்கள். வீட்டுக்குப் பேசும் ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் கூடவே செல் போடுகிற ரேடியோ ஒன்றும் வைத்திருக்க வேண்டும் என்று அதிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன். இந்தக் கரையில் புயலும் வெள்ளமும் வராத ஆண்டுகளை நம்பி வீடு நடத்த முடியாது.

லைசென்ஸ் புத்தகத்தை முன்பு குறித்து வைத்தேன். இந்தப் பெட்டிகளுக்கு லைசென்ஸ் கட்டணம் இல்லை. வேறொன்றைக் கொடுக்கிறோம். பெட்டிகள் பதிந்த குரல்களில் ஒரு பகுதியை நிறுவனங்கள் சார்பில் மனிதர்கள் உட்கார்ந்து கேட்டார்கள் என்பது 2019இல் வெளியானது. குழந்தைகளின் குரல் பதிவுகளை வைத்திருந்த விவகாரத்தில் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடனான வழக்கை முடித்துக்கொள்ள 2023இல் அமேசான் 2.5 கோடி டாலர் செலுத்த ஒத்துக்கொண்டது. அமைத்துக் கொடுக்கும்போது மைக்கை அணைக்கும் பொத்தானையும், செயலியில் பழைய பதிவுகளை அழிக்கும் இடத்தையும் நான் காட்டிக் கொடுக்காமல் வருவதில்லை. படுக்கையறையில் வைக்காதீர்கள் என்கிறேன். வீட்டுப் பெண்கள் இதைச் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள். ஆண்களுக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனால் குரலைக் கொடுப்பது முழுக்கத் தீமை என்று நான் நினைக்கவில்லை. தெரிந்து, மனமொப்பிக் கொடுக்கிற குரலால்தான் இயந்திரம் தமிழ் படிக்கும். மோசில்லா அறக்கட்டளையின் காமன் வாய்ஸ் திட்டத்தில் தமிழுக்கு யார் வேண்டுமானாலும் வாக்கியங்களை வாசித்துப் பதிந்து கொடுக்கலாம். அது எல்லோருக்கும் திறந்த சேமிப்பு. சென்னை ஐ.ஐ.டி.யில் ஏ.ஐ.4பாரத் குழு இந்திய மொழிகளின் பேச்சைச் சேகரித்துத் திறந்த மாதிரிகள் செய்கிறது. இப்படிச் சேரும் குரல்களில் படித்த இளைஞர்களின் குரலே மிகுந்திருந்தால் இயந்திரமும் அவர்களுடைய தமிழைத்தான் படிக்கும். புன்னக்காயல் மீனவரின் பேச்சும், ஏரல் சந்தைப் பேச்சும், காயல்பட்டினத்து வீடுகளின் பேச்சும், பல் போன எண்பது வயதுக்காரியின் பேச்சும் அதில் சேர வேண்டும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கடையில் இப்போது இந்த வேலை நடக்கிறது. அம்மாவால் வாசிக்க முடியாது. பேத்தி திரையில் வரும் வாக்கியத்தை வாசிக்க, அம்மா திருப்பிச் சொல்கிறாள். வாக்கியத்தை அப்படியே சொல்ல வேண்டும் என்பது விதி. அம்மா சில சமயம் திருத்திச் சொல்லிவிடுகிறாள், பேத்தி அழித்துவிட்டு மறுபடி பதிகிறாள். ஒரு பதிவை வேறு இரண்டு பேர் கேட்டுச் சரி என்றால்தான் அது சேமிப்பில் ஏறும். தெருக்காரர்கள் சிலரும் வரத் தொடங்கியிருக்கிறார்கள். அடுத்த வாரம் புன்னக்காயலிலிருந்து இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்காக மைக் கம்பியை இன்னும் நீளமாகப் போட வேண்டும்.